சந்தனம் பட்ட புத்தகம்

எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பு ஏழு மாதம் என் கழுத்தில், தாலிக்கொடியோடு சேர்ந்து தொங்கியது. காலையில் நான் வேலைக்குப் போகும்போது அதைக் கணவரிடம் கொடுப்பேன். அவர் என்னை வெளியே விட்டு, உள்ளிருந்து பூட்டி, சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். பிற்பகல் அவர் சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோன் ஊர்ப் பொருட்களஞ்சியத்துக்குப் பின்னேர வேலைக்குக் கிளம்பும் முன் நான் வந்துவிடுவேன். வாசலில் வைத்தே திறப்பு கை மாறும். மற்ற இரண்டு திறப்புகளையும் அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தேன்.

எங்கள் மகளுக்கு வயது பதினேழு. மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடப் பையோடு ரயில் ஏறினாள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரவில்லை. கைத்தொலைபேசி அணைந்திருந்தது. இருபத்தாறு மணித்தியாலம் அவள் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. மறுநாள் டாவோஸ் என்ற மலையூரின் ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் ஒரு ரயில் ஊழியர் அவளைக் கண்டு பொலிசுக்கு அறிவித்தார். என் கணவர் இந்த நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில் கோப்பை கழுவிய ஹோட்டல் அந்த ஊரில்தான் இருக்கிறது. மகளைக் கூட்டி வரப்போனவர் அதன் வாசலைக் கடந்துதான் போனாராம். "அங்கை வேலை செய்த காலத்திலைகூட எனக்கு இப்பிடிக் குளிரேல்லை" என்று மட்டும் வந்து சொன்னார்.

யாரும் அவளை ஒன்றும் செய்யவில்லை. காதலும் இல்லை, போதையும் இல்லை. கேட்டதற்கு ஒரே பதில்தான்.

"இறங்க வேண்டிய இடத்திலை இறங்க ஏலாமல் போச்சு, அம்மா. பிறகு வந்த ஒரு இடத்திலையும் இறங்கிறதுக்குக் காரணம் கிடைக்கேல்லை."

வைத்தியர் கடிதம் தந்தார். பள்ளிக்கூடம் பாடங்களை வீட்டுக்கு அனுப்பியது. கிழமைக்கு ஒருமுறை ஆலோசகரிடம் நானே கூட்டிப்போய் நானே கூட்டி வந்தேன். கதவு பூட்டிக் கிடப்பதை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. திறப்பைத் தா என்று அவள் ஒருநாளும் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. அவளுடைய அறையில் மேசையடிக் கதிரை நகரும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். சத்தம் வந்தால் ஏன் நகருகிறாள் என்று யோசிப்பேன். வராவிட்டால் ஏன் நகரவில்லை என்று யோசிப்பேன்.

எனக்கு வேலை சூரிச்சில், யூதர்களின் வழிபாட்டுக்கூடத்தோடு சேர்ந்த கட்டடத்தில். துப்புரவு வேலை. ஊரில் இரண்டு வருஷம் ஆசிரியையாக இருந்தவள் நான். அதை இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லித் திரியவில்லை. அந்தக் கட்டடத்துக்குப் பாதுகாப்புக்காக இரட்டைக் கதவு. முதல் கதவைத் தாண்டி நின்று, அது பூட்டிய பிறகுதான் இரண்டாவது திறக்கும். நடுவில் நாலைந்து விநாடி. ஆறு வருஷம் அந்த இடத்தை நான் கவனித்ததே இல்லை. மார்ச்சுக்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த நாலைந்து விநாடியில் என் மூச்சு நெஞ்சுக்குள்ளே தங்கிவிடும். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் காவலாளி கையசைப்பார். நானும் அசைப்பேன். உள்ளே நான் கத்திக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

முதல் மாடியில் நூலகம். இரண்டு அறைகள். ஒன்றில் மதநூல்களும் அவற்றுக்கான விளக்கங்களும். மற்றதில் கதைகள், சமையல், வரலாறு, பகிடிப் புத்தகங்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் என் வயதுடைய ஒரு பெண்மணி. அரை நாள் மருந்துக்கடையில் வேலை, மிச்ச நேரம் சம்பளமில்லாமல் இங்கே. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதையே தேடுவார். நாங்கள் டொச்சில், ஜெர்மன் மொழியில்தான் கதைத்தோம். ஆனால் என் நினைவில் அவர் தமிழில்தான் கதைக்கிறார், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ஜூன் மாதம் புத்தகத் தட்டுத் துடைக்கும்போது ஒரு புத்தகம் கை தவறி என் காலில் விழுந்தது. பழக்கத்தில் அதை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றினேன். நிமிர்ந்தால் அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இதென்ன செய்தனீங்கள்?"

"மன்னிக்க வேணும். கால் பட்டிட்டுது. எங்கட வழக்கம்."

"எங்கட ஆக்கள் விழுந்த புத்தகத்தைத் தூக்கி முத்தம் குடுப்பினம்" என்றார். "நீங்கள் கண்ணிலை ஒற்றுறீங்கள். கிட்டத்தட்ட ஒண்டுதான்." பிறகு, "வாசிப்பீங்களோ, இல்லை ஒற்றுறது மட்டுமோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. வாசிப்பேன் என்றேன். அன்றே ஒரு அட்டையில் என் பெயரை எழுதினார். பெயர் நீளம், கோட்டுக்குள் அடங்காமல் ஓரத்தில் மேலே ஏறியது. "இனி இது உங்கட அட்டை. ஒரு புத்தகத்தை நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாசம், வைச்சிருக்கலாம்."

முதலில் தந்தது அவர்களுடைய ஓய்வுநாளைப் பற்றிய சிந்தனைகள். இரவில் அகராதியை மடியில் வைத்து ஒரு நாளைக்கு நாலு பக்கம் வாசித்தேன். எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைக்கக்கூடாது, எழுதக்கூடாது, தெருவில் பொருள் சுமக்கக்கூடாது. இத்தனை கூடாதுகளையும் சுற்றிக் கட்டி, உள்ளே இருந்து கொண்டாடுகிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் இருந்து வாசித்தவளுக்கு அது பொறாமையாக இருந்தது. அவர்களுடைய பூட்டு சூரியன் மறைந்தால் திறக்கும். என்னுடையதற்கு அப்படி ஒரு நேரம் இல்லை.

இரண்டாவது புத்தகம் எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் சில வரிகள் எபிரேய மொழியில். சுற்றிவர அந்த வரிகளைப் பற்றிய விவாதம் டொச் மொழியில். ஒருவர் இப்படி என்கிறார். அடுத்தவர் இல்லை என்கிறார். முடிவு ஒருவர் பக்கம் போன பிறகும் தோற்றவருடைய பேச்சை அழிக்காமல் அதே பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மார்ச்சிலிருந்து என் பேச்சு மட்டும்தான் இருந்தது. கணவர் தலையாட்டினார். மகள் கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

மூன்றாவதாக ஒரு பகிடிப் புத்தகத்தையும் நூலகப் பெண்மணி பைக்குள் திணித்துவிட்டார். "யோசிக்கிறதுக்கு ஒண்டு, சிரிக்கிறதுக்கு ஒண்டு. ஒற்றைக் காலிலை நடக்கேலாது."

அதைக் குசினியில் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அடுத்த நாள் காணவில்லை. பின்னேரம் மகளுடைய அறைக்குள் இருந்து ஒரு சத்தம். இருமல் என்று நினைத்து ஓடினேன். சிரிப்பு. மார்ச்சுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. கதவில் கை வைத்தபடி நின்றேன்.

"அம்மா, வெளியிலை நிக்கிறது தெரியும். உள்ளை வாங்கோ, வாசிக்கிறன்."

கட்டில் நுனியில் இருந்தேன். ஒரு மகன் பயணம் போகிறான். தாய் சொல்லுகிறாள்: போய்ச் சேர்ந்த உடனே கடிதம் போடு. மகன் சொல்லுகிறான்: அம்மா, நான் அடுத்த தெருவுக்குத்தான் போறன். தாய் சொல்லுகிறாள்: அப்ப இப்பவே எழுது, தபால் போக ரெண்டு நாள் எடுக்கும்.

"ஆரைப் பற்றி எழுதியிருக்கினம் எண்டு தெரியுதோ?" என்றாள் மகள்.

"ஏன், என்னைப் பற்றியோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கை கழுத்துக்குப் போய்த் திறப்பைத் தொட்டுப் பார்த்ததை அவள் கண்டாள். பகிடி அதோடு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் கொண்டு வந்த எல்லாவற்றையும் அவள் வாசித்தாள். நான் அகராதியோடு ஊர்ந்து போன பக்கங்களை அவள் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டு, பிழையாக விளங்கிக்கொண்ட இடங்களில் என்னைத் திருத்தினாள். ஆனாலும் பள்ளிக்கூடம் என்ற சொல்லை எடுத்தால் முகம் பூட்டிக்கொள்ளும்.

ஒக்டோபர் வந்தது. நவராத்திரியின் கடைசி நாட்களில் எங்கள் வீட்டில் பிள்ளையின் புத்தகங்களைச் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கி வைப்பேன். விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. அந்த வருஷம் வழக்கத்தைவிட அதிகமாக அடுக்கினேன். அவள் திறக்காத கணிதம், இரசாயனம், பிரெஞ்சு எல்லாம். அவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்ற ஒரே வேண்டுதல்தான். அடுக்கி முடித்தபின், இவளை இப்போது வாசிக்க வைப்பது எந்தப் புத்தகம் என்று யோசித்தேன். மறுபடி இரவல் எடுத்து வைத்திருந்த நூலகத்துப் புத்தகத்தை, நடுவில் எபிரேயமும் சுற்றிவர விவாதமும் இருந்ததை, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். விழுந்த புத்தகத்தை முத்தமிடுகிறவர்கள், கண்ணில் ஒற்றுகிறவர்கள், கிட்டத்தட்ட ஒன்றுதானே. சந்தனம் குழைத்து ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பொட்டு வைத்தேன். அதன் நடுவில் குங்குமம். அவலும் கடலையும் படைத்துக் கற்பூரம் காட்டினேன்.

விஜயதசமியன்று அந்தப் புத்தகத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அடுத்த பகுதியே உருவங்களைப் பற்றியது. உருவத்துக்கு முன் குனியமாட்டோம் என்று அவர்களில் எத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பது. வாசிக்க வாசிக்க என் காது சுட்டது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: இந்நூலில் இறைவனின் திருநாமம் உள்ளதால் மரியாதையோடு கையாளவும்.

ஓடிப்போய் ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தேன். குங்குமம் கரைந்து, வெளிர்நீல அட்டையில் உள்ளங்கை அளவுக்குச் செம்மஞ்சளாகப் படர்ந்தது. சவர்க்காரம் போட்டேன். இன்னும் பரவியது.

அடுத்த ஒன்பது நாள் நான் இரண்டு பூட்டுக்குள் இருந்தேன். நூலகப் பெண்மணி இல்லாத நேரம் பார்த்து முதல் மாடியைத் துடைத்தேன். படியில் அவருடைய குரல் கேட்டால் கழிப்பறைக்குள் போய் நின்றேன். நாலு கிழமைத் தவணையும் கடந்துவிட்டது. வேலை போய்விடும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், புத்தகங்கள் நின்றுவிட்டால் மகள் கதவைச் சாத்திவிடுவாள் என்பது.

புத்தகத்தை முகம் துடைக்கும் துவாய்களுக்குக் கீழே ஒளித்திருந்தேன். மகள் கண்டுபிடித்துவிட்டாள். அட்டையை முன்னும் பின்னும் திருப்பினாள். மூக்கருகே வைத்து மணந்து பார்த்தாள்.

"அம்மா. இதைச் சாமிக்கு வச்சனீங்களோ?"

நான் கலைந்த துவாய்களைத் திரும்ப அடுக்கினேன்.

"ஐயோ, அம்மா! உலகத்திலை இருக்கிற எல்லாப் புத்தகத்தையும் விட்டிட்டு இதைத்தான் வச்சனீங்களோ? பொட்டு வேறை!" என்று சிரித்தாள்.

"உனக்காகத்தானே வச்சனான்."

அவள் சிரிப்பு நின்றது. கறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"போய்ச் சொல்லுங்கோ, அம்மா."

"என்னாலை ஏலாது. என்னெண்டு சொல்லுறது? டொச்சிலை இதுக்குச் சொல்லே இல்லை."

"அப்ப நான் போய்ச் சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்கும்." பிறகு மெதுவாக, "நீங்கள் கதவைத் திறந்தால்" என்றாள்.

ஏழு மாதத்தில் அவள் முதல்முறையாகக் கேட்டாள். இதற்காகக் காத்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டபோது கழுத்துத் திறப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். நானும் வாறன் என்றேன். வேண்டாம் என்றாள். அப்பாவோடு போ என்றேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

அன்று வேலையால் வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "இஞ்சேரும், நீர் பயப்பிடுறது புத்தகத்துக்கோ, பிள்ளைக்கோ?"

"ரெண்டுக்கும்."

"புத்தகத்துக்குப் பயப்பிட்டால் பிள்ளையை விடவேணும். பிள்ளைக்குப் பயப்பிட்டால் புத்தகத்தோடை நீர் போகவேணும். ஒண்டைத் தெரிவு செய்யும்."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான் டாவோஸிலை இருந்து ஒருக்கால் கூட்டிக்கொண்டு வந்திட்டன். இன்னொருக்கால் வேணுமெண்டாலும் போவன். ஆனால் இந்தச் சட்டைப்பை எனக்குப் பாரமாயிருக்கு."

காவலாளியின் பட்டியலில் மகளுடைய பெயரைச் சேர்க்கவேண்டும். சனிக்கிழமை இருட்டிய பிறகு, அவர்களுடைய ஓய்வுநாள் முடிந்ததும், நூலகப் பெண்மணிக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள் ஒரு புத்தகம் கொண்டு வருவாள், அதில் ஒரு பிழை நடந்துவிட்டது, பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னேன். "புத்தகங்களுக்கு நடக்காத பிழையோ. அனுப்புங்கோ" என்றார்.

ஞாயிறு காலை திறப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கதவைத் திறந்தேன். மகள் சப்பாத்துக் கட்டினாள். புத்தகத்தை ஒரு சுத்தமான துவாயில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்றாள். படியில் இரண்டு அடி இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

"கடிதம் போடுறன்" என்றாள்.

அவள் போனபின் நான் கதவைப் பூட்டித் திறப்பை மாட்டிக்கொண்டேன். யாரைப் பூட்டுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. திறந்தேன். திரும்பப் பூட்டினேன். கணவர் குசினியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணி ஆனது. பன்னிரண்டரை. அவளுக்கு அழைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். யன்னலருகில் நின்று, நிலையத்திலிருந்து வரும் தெருவையே பார்த்தேன். டாவோஸுக்கு எத்தனை மணிக்கு எங்கே ரயில் மாறவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். காலையிலேயே ஏறியிருந்தால் இப்போது எங்கே நிற்பாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு நூலகப் பெண்மணிக்கு அழைத்தேன். மகளுக்கு அழைப்பதில்லை என்றுதானே வாக்கு.

"இங்கைதான் இருக்கிறா" என்றார் அந்தப் பெண்மணி. "முற்றத்திலை பந்தலுக்குள்ளை இருந்து சூப் குடிக்கிறா."

அது அவர்களுடைய ஒரு பண்டிகைக் கிழமை; முற்றத்தில் பந்தல் போட்டு அதற்குள்ளே சாப்பிடுவார்கள். கூரைக்குக் கிளைகளை மட்டும் பரப்புவார்கள். அவற்றுக்கு இடையால் வானம் தெரியவேண்டும், அதுதான் விதி. விழுந்த இலைகளைக் கூட்டுவது என் வேலை என்பதால் எனக்கு அந்தப் பந்தலைத் தெரியும்.

"புத்தகம்?" என்றேன்.

"அதைப் பற்றி நாங்கள் வெள்ளிக்கிழமை கதைப்பம். எனக்குச் சந்தோசம் எண்டு சொல்லமாட்டன்." குரல் இறங்கியது. "பிள்ளையைக் கூப்பிடட்டோ? இல்லாட்டி வீட்டை போகச் சொல்லட்டோ?"

கூப்பிடுங்கோ என்பது என் வாயில் வந்துவிட்டது. ரிசீவருக்கு அந்தப் பக்கத்தில் கோப்பைகள் தட்டுப்படும் சத்தம், யாரோ பலமாக வாதாடும் சத்தம், அதற்கு நடுவில் என் பிள்ளை பதில் சொல்லும் குரல். சொற்கள் விளங்கவில்லை. குரல் மட்டும் விளங்கியது. மற்றவரை இடைமறித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றேன். "சூப்பைக் குடிக்கட்டும்."

இரண்டு மணிக்கு வந்தாள். பையில் வேறொரு புத்தகம். அந்தப் பண்டிகைக் கிழமையில் அவர்கள் தேவையில்லாமல் எழுதுவதில்லையாம். நூலகப் பெண்மணி இரவல் அட்டையில் ஒன்றும் குறிக்காமலே கொடுத்துவிட்டாராம். "திருப்பிக் கொண்டு வருவாய் எண்டு எனக்குத் தெரியும் எண்டவ" என்றாள் மகள். பெருமையை மறைக்க முயன்று முடியாமல் போன முகம்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். கழிப்பறையில் ஒளிக்கவில்லை. அந்தப் புத்தகம் மண்ணிறத் தாள் உறை போட்டு மேசையில் கிடந்தது. பாவிக்க முடியாமல் போன புனித நூல்களை அவர்கள் குப்பையில் போடுவதில்லை, மயானத்தில் புதைப்பார்கள். இதையும் புதைக்கவேண்டுமோ என்று தங்கள் மதகுரு றபியிடம் கேட்டாராம். உள்ளே ஒரு எழுத்தும் கெடவில்லை, அதனால் வேண்டாம் என்றாராம் அவர்.

"இனி எங்கட புத்தகத்தை உங்கட சாமிக்கு முன்னாலை வைக்கமாட்டீங்கள்தானே?" என்றார் நூலகப் பெண்மணி. சிரிக்கவில்லை.

"மாட்டன்."

"என்ன கேட்டு வச்சனீங்கள்?"

"பிள்ளை வெளியிலை போகவேணும் எண்டு."

கயிற்றில் தொங்கிய கண்ணாடியைப் போட்டு என்னைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

மகள் இப்போது கிழமைக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகம். சில நாள் பாதி வழியில் திரும்பி வந்துவிடுகிறாள். நாங்கள் காரணம் கேட்பதில்லை. அரிசி வாளியில் இருந்து எடுத்த திறப்பு அவளிடம் இருக்கிறது. என்னுடையது வாசல் ஆணியில் தொங்குகிறது. கழுத்தில் அது இருந்த இடத்தில் இன்னும் ஒரு சின்னத் தடம். அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் யன்னலுக்கு ஓடுகிறேன், அவள் தெரு முனையில் திரும்பும் வரை பார்க்கிறேன். அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி, காற்றில் எழுதுவதுபோல ஒருமுறை அசைத்துவிட்டுப் போகிறாள்.